பிஸ்டல் பழகப் போகிறீர்களா? துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பிஸ்டல் சுடுதலில் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு, "பொண்ண பிஸ்டல்ல சேர்த்தலாமுங்களா?" என்று கேட்கும் பெற்றோரைக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அடிக்கடி பார்க்க முடிகிறது. சந்தோஷமான விஷயம். ஆனால் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எந்தத் துப்பாக்கி வாங்கறதுங்க?" பிழை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம்ம ஊரில் எந்தத் தொழில் தொடங்கினாலும் முதலில் மிஷினை இறக்கிவிடுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பிஸ்டலில் அந்த வரிசை சரிப்படாது. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் மரப்பிடி, கையின் அளவுக்குத் தகுந்தபடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. பிடி ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் ட்ரிகரை விரல் நுனியால் தொட முடியாமல் பக்கவாட்டில் இழுக்க நேரும், குண்டும் பக்கவாட்டில்தான் போகும். வளர்கிற பிள்ளைக்கு இன்று சரியாக இருக்கும் பிடி இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். எடையும் பார்க்க வேண்டும். விதிப்படி துப்பாக்கி 1.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஏறக்குறைய ஒரு கிலோ எடையை ஒரே கையில் நீட்டிப் பிடித்து 60 குண்டு சுட வேண்டும். பழகாத மணிக்கட்டு பத்தாவது குண்டிலேயே நடுங்கும்.

இன்னொரு காரணம் கண். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலக்கண்தான் ஆளும் கண் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ, அதுதான் ஆளும் கண். கையும் கண்ணும் எதிரெதிராக இருந்தால் தலையைக் கொஞ்சம் திருப்பிச் சமாளிப்பதா, கையையே மாற்றுவதா என்பதைப் பயிற்சியாளர் பார்த்து முடிவு செய்யட்டும். வலக்கைப் பிடி போட்டு வாங்கிய பிறகு இது தெரியவந்தால் போட்ட பணம் முடங்கிவிடும். சில மாதங்கள் கிளப் துப்பாக்கியிலேயே சுடுங்கள். பிள்ளைக்கு நிஜமாகவே ஆசை இருக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, பிஸ்டல் என்றதும் ரிவால்வர் லைசென்ஸுக்கு அலைவது. புதியவர் தொடங்க வேண்டியது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். காற்றழுத்தத்தில் 4.5 மி.மீ. ஈய பெல்லட்டைத் தள்ளும் கருவி அது. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மேற்படாமலும் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாமலும் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் 1959 ஆயுதச் சட்டம் வந்துவிடும்: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனரிடமும் மற்ற இடங்களில் கலெக்டரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 25 மீட்டரில் சுடும், வெடிமருந்தில் இயங்கும் .22 பிஸ்டலுக்குப் போகிற வழி கிளப் மூலமாகத்தான், அதுவும் கை பழகிய பிறகு. தாத்தா பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கு எடுத்த துப்பாக்கி வீட்டில் இருந்தாலும், அந்த லைசென்ஸ் பேரனுக்கு உரிமை தராது. நாட்டுத் துப்பாக்கி பற்றி யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்று தெரிந்ததும் தோட்டத்தில் சுடத் தொடங்கிவிடுகிறார்கள். சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பின்னால் தென்னை மரத்தில் அட்டையைக் கட்டிச் சுடுகிற பழக்கம் எனக்கு உண்மையிலேயே பயத்தைத் தருகிறது. மரத்திலோ சிமெண்ட் தொட்டியிலோ படும் பெல்லட் துள்ளித் திரும்பி வரும். ஒரு கண்ணை எடுக்க அது போதும். வரப்பில் யார் வருகிறார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் இருக்கிறாரா என்பது சுடுகிறவருக்குத் தெரியாது. மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் மயில் கொத்தும் கோபம் பல்லடம், காங்கயம், உடுமலைப் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. விவசாயியின் வேதனை நியாயமானதுதான். அதற்காக ஏர் கன்னை மயில் பக்கம் திருப்பினால், 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக் குற்றமாகும், 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. குறிபார்க்கப் பழகுகிற பிள்ளையின் கண் முன்னால் பறவையைச் சுட்டுக் காட்டவே கூடாது.

சரி, கிளப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? கோவையில் ரைபிள் கிளப் இருக்கிறது, தனியார் அகாடமிகளும் வந்திருக்கின்றன. தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தோடு அது இணைந்திருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். மாநிலப் போட்டிக்குப் போகும்போது இது வேண்டும். பிறகு சேருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் இருக்கும் மெடலையும் போட்டோவையும் விடுங்கள். ஒரு பிள்ளை சுட்டு முடித்ததும் துப்பாக்கியை எப்படிக் கீழே வைக்கிறது? குழல் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும், பெல்லட் போடும் லிவர் திறந்திருக்க வேண்டும், குழல் வழியே ஆரஞ்சு நிற சேஃப்டி கயிறு கோத்திருக்க வேண்டும். சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி யாராவது முன்னே போனால், மற்றவர்கள் எல்லோரும் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும். "குண்டு இல்லீங்க, சும்மாதான்" என்று ஒருவர் குழலை இன்னொருவர் பக்கம் திருப்பியும் பயிற்சியாளர் கண்டுகொள்ளவில்லை என்றால், அந்த இடம் வேண்டாம். எவ்வளவு குறைந்த ஃபீஸாக இருந்தாலும் வேண்டாம்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ தினமும் கோவைக்கு வந்துபோவது பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆகாது. வாரம் இரண்டு நாள் ரேஞ்ச் (சுடும் இடம்), மற்ற நாள் வீட்டில் டிரை பயிற்சி, அதாவது பெல்லட் போடாமல் செய்யும் பயிற்சி, என்று பேசி வைத்துக்கொண்டால் நடக்கும்.

இந்த டிரை பயிற்சியைத்தான் புதியவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். முதல் நாளே டப்பா டப்பாவாகப் பெல்லட்டைத் தீர்த்தால்தான் பழகிய திருப்தி. 10 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. விட்டம், சட்டைப் பொத்தான் அளவு. அதில் கண்ணை வைத்தால் கை ஆடுவதுதான் தெரியும், பதற்றம் வரும், ட்ரிகரைச் சட்டென்று இழுத்துவிடுவோம். ஆகவே நல்ல பயிற்சியாளர் பெல்லட்டே தரமாட்டார். "மொதல்ல வெள்ளைச் சுவத்தப் பாருங்க தம்பி" என்பார். எதிரே வெறும் சுவர். குழல் முனையில் இருக்கும் முன்குறியின் மேல்விளிம்பும், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறியின் மேல்விளிம்பும் ஒரே மட்டம், பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறிக்கு இரண்டு பக்கமும் சமமான வெளிச்சம். அதை மட்டும் பார்த்துக்கொண்டே 500 கிராம் எடைக்கு வைத்திருக்கும் ட்ரிகரை மெல்ல அழுத்த வேண்டும். க்ளிக் என்ற பிறகும் கையை உடனே இறக்காமல், முன்குறி எந்தப் பக்கம் அசைந்தது என்று பார்க்க வேண்டும். பிறகு இலக்குக்கு வந்தாலும் முன்குறிதான் தெளிவாகத் தெரிய வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்கள் கறுப்பின் நடுவில் குறி வைக்காமல் அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் வைப்பதும் இதற்காகத்தான்.

யூடியூப் பார்த்து இரண்டு கையால் பிடித்து, முழங்காலை மடக்கி நிற்கப் பழகிவிட்டு வருகிறார்கள். அது வேறு வகைச் சுடுதல். இங்கே ஒரு கைதான், மற்றக் கை பாக்கெட்டில் அல்லது இடுப்பில்.

பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

கடைசியாகச் சொந்தத் துப்பாக்கி. பயிற்சியாளரே "இப்ப வாங்கலாமுங்க" என்று சொன்ன பிறகு, பழையது கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். பில் கேளுங்கள். காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள், அதன் ஆயுள் பெரும்பாலும் 10 ஆண்டு, காலம் கடந்ததைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். சிலிண்டரில் காற்றை நிரப்பி ஒரு ராத்திரி வைத்து, காலையில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.