ஷப்லியின் பழங்கொடி ஒயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், அதன் வடகோடியில், செரென் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஷப்லி. ஷார்டனே திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்படும் அவ்வூர் வெள்ளை ஒயின் பாட்டில்கள் சிலவற்றில் 'வியேய் வீஞ்' என்று அச்சிட்டிருக்கும். பழங்கொடிகள் என்பது அதன் பொருள். இதைப் பார்த்ததும் ஒயினே பழையது என்று எண்ணிவிடுவது முதல் தவறு. முதுமை கொடிக்கு உரியதே தவிர ஒயினுக்கு உரியதன்று. ஒயினின் வயதை அறிய, பாட்டிலில் குறித்திருக்கும் அறுவடை ஆண்டைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, இச்சொல்லைச் சட்டம் தரும் உறுதியாகக் கொள்வது. எத்தனை வயதான கொடி 'பழங்கொடி' என்பதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் வரையறை இல்லை. ஆகவே ஒருவர் முப்பது வயதுக் கொடியையும் மற்றொருவர் எழுபது வயதுக் கொடியையும் அதே பெயரால் அழைக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்து, அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டி அவை மீண்டும் நடப்பட்டன. அதனால் இருநூறு வயதுக் கொடி என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் ஐயுறுவது நியாயமே. சரியான வயதைத் தயாரிப்பாளரிடம் கேட்டறிவதே நல்லது.

பெத்தி ஷப்லி, ஷப்லி, பிரமியே குரூ, கிரான் குரூ எனக் கீழிருந்து மேலாக அமைந்த நான்கு தரப்படிகளும் நிலத்தை வைத்துச் சட்டப்படி வகுக்கப்பட்டவை. பழங்கொடி என்பது ஐந்தாவது படி அன்று. வயதான கொடி குறைவாகக் காய்ப்பதால் சாற்றில் செறிவு கூடும் என்பது உண்மையே. ஆயினும் சாதாரண நிலத்தின் முதிய கொடி, ஆற்றின் வலக்கரையில் ஊரைப் பார்த்து நிற்கும் கிரான் குரூ சரிவுக்கு ஈடாகிவிடாது.

ஷப்லி மண்ணில் சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்திருப்பதால், ஆழ வேரோடிய பழங்கொடி அச்சிப்பிச் சுவையை உறிஞ்சித் தருகிறது என்று பலர் விரும்பிச் சொல்வதுண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாறையின் சுவை வேர்வழியே பழத்துக்கு ஏறுவதற்குச் சான்றில்லை. வாயில் உணரும் கூர்மைக்குக் குளிர்ந்த தட்பவெப்பத்தில் பழத்தில் தங்கும் புளிப்பு ஒரு முக்கியக் காரணம்.

பரிமாறும்போது மிகுதியாகக் குளிர்விப்பதே பரவலான பிழை. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் மணம் அடங்கிப்போகும். 10 முதல் 12 டிகிரி போதுமானது.

வைத்திருப்பதில் இரு திசைகளிலும் தவறு நேர்கிறது. பெத்தி ஷப்லியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அருந்துவது நல்லது. நல்ல கிரான் குரூவோ பத்தாண்டுக்கு மேலும் தாங்கும். ஆயினும் 1990களின் நடுப்பகுதி முதலான அறுவடைகளில் பர்கண்டி வெள்ளை ஒயின்கள் சில எதிர்பாராமல் முன்கூட்டியே பழுப்பேறிக் கெட்டன. எனவே ஆறு பாட்டில் வாங்கியவர் எல்லாவற்றையும் பூட்டி வைக்காமல், நாலைந்து ஆண்டுகளில் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போது அடியில் மின்னும் துகள்கள் தென்பட்டால் கண்ணாடித் தூள் என்று அஞ்சிக் கொட்டிவிட வேண்டாம். அவை திராட்சையின் டார்டாரிக் அமிலத்திலிருந்து உருவான உப்புப் படிகங்கள், தீங்கற்றவை. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அவை அடியிலேயே தங்கிவிடும்.