குளத்து ஐரிஸ் நடுவது எப்படி (ஒன்றை அழுகவிட்ட பிறகு எழுதுவது)

ரொறன்ரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் தொட்டிதான். இந்த ஜூனில் அதில் ஐரிஸ் பூத்ததைப் பார்த்து எப்படி என்று நாலு பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில், எதை வாங்குவது? தொடங்குபவர்களுக்கு வெர்சிகலர் என்ற நீல நிற ஐரிஸ் வகை போதும். கிழக்குக் கனடாவின் சொந்தச் செடி, 1999 முதல் கியூபெக் மாகாணத்தின் பூ. என்ன குளிருக்கும் அசையாது. மஞ்சள் பூப் பூக்கும் சூடகோரஸ் மட்டும் வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வந்து இங்குள்ள ஓடைக்கரைகளை வளைத்துப்போட்ட செடி அது. பெயருக்குப் பொருள் 'போலி வசம்பு'. பூ இல்லாத நேரத்தில் இலையைப் பார்த்தால் நம் பிள்ளை வளர்ப்பானேதான்.

நடுவதற்குக் குளத்துக் கூடை, அதாவது பக்கமெல்லாம் ஓட்டை உள்ளது, வாங்குங்கள். மண்ணுக்குத் தோட்டத்துக் களிமண்ணே நல்லது. பையில் விற்கும் தொட்டி மண்ணைப் போட்டால் பாதி மிதக்கும், மீதி தண்ணீரைப் பச்சையாக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கிழங்கின் சாறு பட்டால் அரிக்கும். இலைகளை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கை இஞ்சி வைப்பதுபோலப் படுக்கையாக வைத்து, மெல்லிசாக மண் மூடி, மேலே சிறு கூழாங்கல் பரப்புங்கள். கூடைக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி அடியில் செங்கல் கொடுத்தால் சரி.

இனி நான் கோட்டை விட்ட இடம். இரண்டாம் வருடம் ஆசைப்பட்டு என்சாட்டா என்ற இன்னொரு ஐரிஸ் வகை வாங்கினேன். கைவிரித்த அளவு ஊதாப் பூ. ஜப்பானில் இதை ஹனஷோபு என்பார்கள், 'பூக்கும் வசம்பு' என்று பொருள். அங்கே ஜூனில் இது தண்ணீர் கட்டிய பாத்திகளில் பூத்து நிற்கும் படங்களைப் பார்த்து, வருடம் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பனிக்காலம் முழுக்கக் குளத்திலேயே விட்டேன். ஏப்ரலில் கூடையைத் தூக்கினால் கிழங்கு கூழாக வழிந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

அந்தத் தண்ணீர் பூக்கும் பருவத்துக்கு மட்டும் கட்டுவது. குளிர்காலத்தில் என்சாட்டாவின் கிழங்கு தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். இப்போது அக்டோபரில் கூடையோடு தூக்கிக் காய்கறிப் பாத்தியில் புதைத்துவிடுகிறேன். வசந்தத்தில் தளிர் நன்றாகக் கிளம்பிய பிறகுதான் குளத்துக்குத் திரும்பும். வெர்சிகலருக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை.

தூக்கி இறக்கச் சலிப்பா? சேற்றுப் பாத்தி போடுங்கள். முழங்கால் ஆழம் தோண்டி, குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பைப் போட்டு, முள்ளுக்கரண்டி மண்வெட்டியால் அங்கங்கே குத்தி, தோண்டிய மண்ணோடு இலைமக்கு கலந்து நிரப்புங்கள். குத்தாமல் விட்டால் அதுவும் குளம்தான். என்சாட்டாவுக்குச் சுண்ணாம்பு ஆகாது. எங்கள் குழாய்த் தண்ணீர் ஓரளவு கடினநீர் என்பதால் மழைநீர்ப் பீப்பாயிலிருந்துதான் ஊற்றுகிறேன்.

பிற்சேர்க்கை: "லேபல் விழுந்துவிட்டது, என்னுடையது என்சாட்டாவா லேவிகாட்டாவா?" என்று ஒருவர் கேட்டார். லேவிகாட்டாவும் ஓர் ஐரிஸ் வகைதான். இலையை விரலால் தடவுங்கள். நடுவே நரம்பு தடித்து எழும்பியிருந்தால் என்சாட்டா. வழவழவென்று இருந்தால் லேவிகாட்டா, அது குளிர்காலத்திலும் தண்ணீரில் நிற்கும். இலை மட்டும் வருகிறது, பூ இல்லை என்றவருக்கு: வெயில் போதுமா என்று பாருங்கள், ஆறு மணி நேரமாவது வேண்டும். போதுமென்றால் கூடைக்குள் கிழங்குகள் நெருங்கியிருக்கும். பூ முடிந்ததும் எடுத்துப் பிரித்து, நடுவிலிருக்கும் கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டு, ஓரத் துண்டுகளை நடுங்கள். பிரித்த கையோடு பூ எதிர்பார்க்க வேண்டாம், ஒரு வருடம் முறைத்துக்கொண்டு நிற்கும்.