தல்லாகுளத்துக்கு முன் பசுமலை

மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வரலாறு தேடுபவர்கள் நேரே கல்லூரி இப்போது இருக்கும் தல்லாகுளம் போய்ச் சிவப்புக் கட்டடத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது வேண்டாம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறிப் பசுமலையில் இறங்குங்கள். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி (கிறிஸ்தவ மிஷனின் பயிற்சிப் பள்ளி) 1845இல் இங்கே வந்தது. அதிலிருந்துதான் 1881இல் கல்லூரி முளைத்தது. ஊர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். செமினரி எது, கல்லூரி எது என்று பிரித்துக் குறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதை நடத்தியது லுத்தரன் மிஷன் இல்லை, காங்கிரிகேஷனல்; இரண்டும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் வெவ்வேறு பிரிவுகள். என் அக்கா மகன் இதில்தான் வழுக்கினான். இதேபோல் செமினரியிலிருந்து வளர்ந்த லுத்தரன் கதைதான் வேண்டுமென்றால் அமெரிக்காவில் ஓஹாயோவின் கேப்பிட்டல் பல்கலைக்கழகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 1830இல் செமினரி, 1850இல் பல்கலைக்கழகம்.

சரி, அப்புறம் தல்லாகுளம். கல்லூரியின் டேனியல் புவர் நூலகத்தைப் பார்க்காமல் ஜிகர்தண்டா குடிக்கக் கிளம்பாதீர்கள்.