தகுதியில்லாமல் பிஎம் கிசான் பணம் வந்திருந்தால்

வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் (கடைநிலை ஊழியர்களாக இருந்தவர்களைத் தவிர) மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகையான பிஎம் கிசான் கிடையாது, ஆனாலும் நாலு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் கணக்கில் விழுந்திருக்கலாம். முதலில் பாஸ்புக்கை எடுத்து எத்தனை தவணை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் திட்டத்தின் இணையதளத்தில் பணத்தைத் திருப்பிக் கட்டும் பகுதிக்குப் போய், ஆதார் எண்ணைப் போட்டுக் கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தள்ளிப்போடாதீர்கள். 2020இல் தமிழ்நாட்டில் விவசாயிகளே இல்லாத லட்சக்கணக்கானோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது வெளிவந்தபோது அரசு அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்தது, சிபிசிஐடி தரகர்களைக் கைது செய்தது. தெரிந்தே பொய் விவரம் கொடுத்துப் பணம் வாங்கியது நிரூபணமானால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிக்கான 318(4) பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.