மூத்த பிட்சரை எந்த அணி வாங்கும்? கணக்குப் போடுவது எப்படி

2017 ஆகஸ்ட் 31 இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மிச்சிகனுக்கு வந்த பிறகு நான் பேஸ்பால் பார்க்கப் பழகியதே ஜஸ்டின் வெர்லாண்டரால்தான். பிட்சர், அதாவது பந்து வீசுபவர். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸிலும் மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசிய கை அது. எங்கள் ஊர் அணி டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டது, அதுவும் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான நள்ளிரவுக் கெடு முடியச் சில நொடிகள் இருக்கும்போது. கொஞ்சம் கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும், எந்த மூத்த பிட்சர் எங்கே போவார் என்று ஊகிக்க, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் கையைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இன்னும் எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா? அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமில்லாமல் டிரேடு செய்ய (வேறு அணிக்கு மாற்றிக் கொடுக்க) முடியாது. வெர்லாண்டரும் சரி என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார். அப்போது அவருக்கு 34 வயது, இன்னும் இரண்டு வருடம், வருடத்துக்கு 2.8 கோடி டாலர். அதில் வருடத்துக்கு 80 லட்சத்தை டெட்ராய்ட்டே கட்ட ஒப்புக்கொண்டது. விற்கிற அணி சம்பளத்தில் பங்கு போட்டால்தான் பதிலுக்கு நல்ல இளம் வீரர்கள் கிடைப்பார்கள். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருப்பவர் என்றால் விலை இறங்கும், ஏனென்றால் வாங்குகிற அணிக்கு அவர் அக்டோபர் வரைதான்.

அப்புறம் எண்கள். வெற்றி தோல்விக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். அந்த வருடம் டெட்ராய்ட்டில் வெர்லாண்டர் 10-8 (பத்து வெற்றி, எட்டு தோல்வி), ஈ.ஆர்.ஏ. 3.82. ஈ.ஆர்.ஏ. என்பது பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்கள், ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக; குறைவாக இருந்தால் நல்லது. இதை மட்டும் பார்த்தால் ஆள் முடிந்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஈ.ஆர்.ஏ.யில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் திறமையும் கலந்திருக்கிறது. ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) வாக்கும் (walk; நான்கு தவறான பந்து வீசி பேட்டரை இலவசமாக முதல் தளத்துக்கு விடுவது) பிட்சரின் சொந்தச் சரக்கு.

என் நோட்டில் ஒரு ஆட்டத்துக்கு நான்கே கட்டம்: முதல் இன்னிங்ஸ் ஃபாஸ்ட்பால் வேகம், ஆறாவது இன்னிங்ஸ் வேகம், ஸ்ட்ரைக்அவுட், வாக். மே மாதத்துப் பக்கத்தையும் ஜூலைப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். 36 வயதுக்காரருக்கு ஒரு மைல் குறைந்தால் நான் பயப்படமாட்டேன். வேகமும் குறைந்து வாக்கும் ஏறினால் பயப்படுவேன். பேஸ்பால் சாவண்ட் தளத்தில் பந்து கையைவிட்டு விலகும் உயரமும் கிடைக்கும். அது மாதாமாதம் இறங்கினால் தோளையோ முழங்கையையோ நினைத்துக் கவலைப்படுங்கள்.

பழைய காயத்தை வைத்து அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2020-இல் டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநார் அறுவை) செய்துகொண்ட வெர்லாண்டர், 2022-இல் 39 வயதில் 18-4, ஈ.ஆர்.ஏ. 1.75 என்று திரும்பி வந்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஆனால் அப்படித் திரும்புவது அபூர்வம். அதை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது.

விலை எவ்வளவு போகும் என்று யோசிக்கும்போது எங்கள் ஊர்க்காரர்கள் 1987-ஐ மறக்கமாட்டார்கள். டெட்ராய்ட் அன்று வாங்கும் பக்கம் இருந்தது. 36 வயது டாயில் அலெக்சாண்டர் வந்தார், 9-0, ஈ.ஆர்.ஏ. 1.53, டிவிஷனை (டெட்ராய்ட் ஆடும் பிரிவின் முதலிடத்தை) வென்று கொடுத்தார். பிளே-ஆஃபில் ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோற்றார். பதிலுக்கு அட்லாண்டாவுக்குப் போன 20 வயதுப் பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ், 2015-இல் பேஸ்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தவர். இருந்தாலும் அந்த டிரேடைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த செப்டம்பரில் அவர் இல்லாமல் டிவிஷன் கிடைத்திருக்காது.

கடைசியாகத் தேதி. 2019 முதல் ஒரே கெடுதான், ஜூலை கடைசியையொட்டி வரும். வெர்லாண்டர் போன ஆகஸ்ட் 31 வழி அடைபட்டுவிட்டது. கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு புள்ளிப் பட்டியலை எடுத்து, பிளே-ஆஃப் வாசலில் நிற்கும் அணிகளில் யாருக்கு பிட்சர் காயம் என்று குறியுங்கள். உங்கள் ஊகத்தைத் தேதி போட்டு எழுதிவிடுங்கள். டிரேடு நடந்தபின் முதல் ஐந்து ஆட்டத்தையும் அதே நான்கு கட்டத்தில் நிரப்புங்கள். ஹூஸ்டனில் வெர்லாண்டரின் அந்த ஐந்து: 5-0, ஈ.ஆர்.ஏ. 1.06.