ஊர்க் கோரிக்கையைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டு செல்லும் முறை

தெருவிளக்கு எரியவில்லை என்பதற்காகவும் குப்பை அள்ளப்படவில்லை என்பதற்காகவும் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் அரை நாள் காத்திருப்போரைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. அவை ஊராட்சியோ நகராட்சியோ செய்து முடிக்க வேண்டிய பணிகள். ஆகவே, மனு எழுதுவதற்கு முன்பு, உங்கள் கோரிக்கை எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஊருக்குள் ஒரு சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையதாகவும், அடுத்த சாலை ஊராட்சி ஒன்றியத்தினுடையதாகவும் இருப்பது வழக்கம் என்பதால், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

அங்கன்வாடிக் கட்டடம், பள்ளி வகுப்பறை, பேருந்து நிழற்குடை போன்ற நிலையான பொதுச் சொத்துகளைக் கேட்பதானால், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியைக் குறிப்பிட்டே கேளுங்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என அந்த நிதி உயர்த்தப்பட்டது. உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும்; நிர்வாக அனுமதி வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். தொகுதியில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பது புரியும். எனவே, பத்துக் கோரிக்கைகளை அடுக்காமல், ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவுசெய்த ஒன்றை மட்டும், இடத்தின் சர்வே எண், அது புறம்போக்கு நிலமா என்ற விவரம், பயன்பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் எழுதிக் கொடுங்கள். மனுவின் நகலில் தேதியிட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.

ஆற்றுப்பாலம், அரசுக் கல்லூரி, மருத்துவமனைத் தரம் உயர்த்துதல் போன்றவை இந்த நிதிக்குள் அடங்காதவை. அவற்றுக்கு உறுப்பினர் பேரவையில் பேச வேண்டும். கேள்வி நேரத்தில் வினா எழுப்பவும், மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கப் பேரவையின் ஒப்புதல் கேட்பது) விவாதத்தில் வலியுறுத்தவும், அவசரமான பொதுப் பிரச்சினையில் அமைச்சரின் கவனத்தைக் கோரும் கவன ஈர்ப்பு கொண்டுவரவும் அவருக்கு உரிமை உண்டு. உரிய துறையின் மானியக் கோரிக்கை வருவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே விவரங்களை அவரிடம் சேர்த்துவிடுவது நல்லது.

பலரும் பயன்படுத்தத் தவறும் வழி ஒன்று உண்டு. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டந்தோறும் ஆய்வுக்கு வரும்போது, பொதுமக்களிடமிருந்து நேரடியாக மனுக்களைக் கோரும் அறிவிப்பு வெளியாகிறது. பல ஆண்டுகளாக அரசு அலுவலகங்களில் தீர்க்கப்படாமல் கிடக்கும் பொதுப் பிரச்சினைகளை இந்தக் குழு ஏற்கிறது. மனு தமிழில், தேதியும் கையொப்பமும் இட்டு, ஒரே பிரச்சினையை, ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். தனிநபர் குறைகளும், நீதிமன்ற வழக்கில் உள்ளவையும், பட்டா, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம் போன்றவையும் ஏற்கப்படுவதில்லை. அவற்றில் பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டமே ஏற்ற இடம்.

மனு கொடுத்தபின் பதில் வராவிட்டால், அது எந்த நிலையில் உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் ஊரின் பணியைப் பற்றி அமைச்சர் பேரவையில் உறுதியளித்திருந்தால், அவர் பேசிய நாளைக் குறித்துவைத்து, அந்த வாக்குறுதி, அமைச்சர்கள் பேரவையில் தந்த உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்கும் அரசு உறுதிமொழிக் குழுவின் பார்வையில் இருக்கிறதா என்று உங்கள் உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.