பெருமூளை வாதக் (செரிபிரல் பால்சி) குழந்தைக்கு டிராம்போலின் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பிரிங்குக்கு மேல் உறை வேண்டும், சுற்றிலும் ஆள் நிற்க வேண்டும், வலிப்பு வந்தால் நிறுத்த வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் வேறு. வேலைக்குப் புதிதாகச் சேரும் இயன்முறை மருத்துவர்களிடமும், ஆன்லைனில் மினி டிராம்போலின் வாங்கிய பெற்றோரிடமும் அவை வருஷா வருஷம் அப்படியே திரும்ப வருகின்றன.

எவ்வளவு உயரம் எழும்புகிறான் என்று பார்ப்பது

கால் இறுக்கமுள்ள ஐந்து வயதுப் பையன் ஒருவனை டிராம்போலினின் நடுவில் உட்காரவைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர் பின்னால் நின்று டிராம்போலின் துணியை ஓங்கி ஓங்கி மிதிக்கிறார். பையன் அரை அடி எழும்பி விழுகிறான், கெக்கெக்கென்று சிரிக்கிறான். அம்மா மொபைலில் வீடியோ எடுக்கிறார். பத்து நிமிடம் கழித்து இறக்கி நிறுத்தினால் தொடைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, குதிகால் தரையில் பதியவில்லை. "இன்னைக்கு ரொம்ப டயர்டா இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது களைப்பே இல்லை. அந்தப் பத்து நிமிட ஆட்டம் ஏற்றிவைத்த இறுக்கம்.

ஸ்பாஸ்டிக் தசை, அதாவது இப்படி இறுக்கமுள்ள தசை, இழுக்கப்படும் வேகத்துக்கு ஏற்ப எதிர்க்கும். மெதுவாக நீட்டினால் இடம் கொடுக்கும். வெடுக்கென்று நீட்டினால் முறுக்கிக்கொள்ளும். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் டிராம்போலினைப் பார்த்ததும் மறந்துபோகிறது. உயரத்திலிருந்து விழும் ஒவ்வொரு முறையும் கெண்டைத்தசை, தொடையின் பின்தசை, உள்தசை மூன்றும் ஒரே கணத்தில் வெடுக்கென்று இழுபடுகின்றன. பரவசமோ பயமோ எது கூடினாலும் இறுக்கமும் கூடவே ஏறும். அதனால் குழந்தை சிரிக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

இறுக்கம் குறைய வேண்டுமென்றால் குழந்தை துணியை விட்டு மேலே எழவே கூடாது. செய்யும் முறை இது. முழு அளவு டிராம்போலினில் துணி சுமார் 14 அடி நீளம், 7 அடி அகலம் இருக்கும். அதன் நடுவில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இல்லையென்றால் முழங்காலுக்கும் தோளுக்கும் அடியில் உருளைத் தலையணை வைத்து மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணை இல்லாமல் மல்லாந்தால், பின்பக்கமாக விறைக்கும் குழந்தைகள் இன்னும் விறைப்பார்கள். குழந்தையிடமிருந்து ஒரு சாண் தள்ளி, முழங்காலை இளக்கி நில்லுங்கள். பாதம் துணியை விட்டுக் கிளம்பக் கூடாது. முழங்காலை மட்டும் மடக்கி நீட்டினால் துணி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி இறங்கும். அது போதும். தாளம் ஒரே சீராக இருக்கட்டும். வாய்விட்டு எண்ணுங்கள், அல்லது மெல்லப் பாடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஆட்டியதும் நிறுத்தி, கையால் தொட்டுப் பாருங்கள்.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. சட்டென்று நிறுத்தினால் குழந்தை திடுக்கிட்டு, முதுகு வில்லாக வளையும். ஆட்டத்தை நாலைந்து எண்ணிக்கையில் படிப்படியாகக் குறைத்து, முழங்காலை மடக்கி மிச்ச அசைவை உங்கள் காலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முகத்தைவிடக் கையையும் காலையும் கவனியுங்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்குவது, கால்விரல்கள் சுருண்டு குத்திநிற்பது, தாடை இறுகுவது, மூச்சைப் பிடித்துக்கொள்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆட்டம் அதிகம் என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள். சரியான அளவில் நடந்தால் ஐந்தாறு நிமிடத்தில் மூடியிருந்த கை விரியும், தொடைகளுக்கு நடுவே உங்கள் கை தடையில்லாமல் நுழையும்.

தசைத் தளர்ச்சி உள்ள குழந்தைக்குக் கணக்கு தலைகீழ். அங்கே சற்று வேகமான, துண்டு துண்டான, இடையிடையே நின்று கிளம்பும் அசைவு உடம்பைத் தட்டி எழுப்பும். ஆனால் தலை நிற்காத குழந்தையை உட்காரவைத்து அதைச் செய்யாதீர்கள், கழுத்து தாங்காது. ஒரே மையத்தில் இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் ஒரே ஆட்டம், ஒரே பாட்டு, ஒரே இருபது நிமிடம் என்று நடத்துவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இடுப்பு எக்ஸ்ரே பார்க்காமல் ஏற்றுவது

பெருமூளை வாதக் குழந்தைகளின் இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் நழுவும். ஆரம்பத்தில் வலிகூட இருக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் குழந்தைகளை வைத்து 2006-ல் வெளியான ஆய்வில், இயக்கத்திறன் வகைப்பாட்டின் (ஜி.எம்.எஃப்.சி.எஸ்.) 1ஆம் நிலையில் (தடையில்லாமல் நடப்பவர்கள்) ஒரு குழந்தைக்கும் இடுப்பு நழுவவில்லை, 5ஆம் நிலையில் (சக்கர நாற்காலியில் பிறர் தள்ளிச் செல்ல வேண்டியவர்கள்) சுமார் 90 சதவீதம் பேருக்கு நழுவியிருந்தது. ஆக, தானாக நடக்க முடியாத குழந்தை என்றால் அண்மையில் எடுத்த எக்ஸ்ரே கையில் இருந்தாக வேண்டும். தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு வெளியே 30 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் எலும்பு மருத்துவரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

எலும்பின் வலுவும் இதோடு சேர்ந்ததுதான். நிற்காத கால்களில் எலும்பு மெலிந்திருக்கும், சில வலிப்பு மருந்துகள் அதை இன்னும் மெலிய வைக்கும். அறுவைச் சிகிச்சை முடிந்து மாவுக்கட்டு பிரித்த கையோடு "இனிமே குதிக்கலாம்ல?" என்று வருகிறார்கள். எலும்பு மிகவும் பலவீனமாக இருக்கும் நேரமே அதுதான்.

தலையில் ஷன்ட் (மூளைநீரை வடிக்கும் குழாய்), வயிற்றில் பேக்லோஃபென் பம்ப் (இறுக்கம் குறைக்கும் மருந்தைச் செலுத்தும் கருவி), முதுகில் கம்பி (முதுகெலும்பை நிமிர்த்த வைத்தது) ஆகியவற்றில் எது இருந்தாலும் அதை வைத்த மருத்துவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

அப்பாவும் சேர்ந்து குதிப்பது

கூடாது. 70 கிலோ ஆள் இறங்கும்போது துணி ஆழமாகப் போய்த் திரும்ப மேலே வரும். அந்த நேரம் பார்த்து 15 கிலோ குழந்தை இறங்கினால், மேலே வரும் துணி காலில் ஓங்கி அறையும். நல்ல ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகளுக்கே முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு விரிசல் விடுவது இப்படித்தான். சிகிச்சைக்காக ஏறும் பெரியவர் துணியை அசைக்கலாம், குதிக்கக் கூடாது.

நிற்கும் இடத்தை யோசிக்காமல் நிற்பது

நீங்கள் நிற்கும் இடத்தில் துணி பள்ளமாகும். குழந்தை அந்தப் பக்கம் சாயும். புதியவர்கள் இதை இடைஞ்சலாகப் பார்க்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் குழந்தை எப்போதும் வலப்பக்கமே எடை போட்டால், நீங்கள் இடப்பக்கம் அரையடி நகர்ந்து நின்றாலே போதும். எடை இடப்பக்கம் மாறும், உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையை அது தானாகச் செய்யத் தொடங்கும். கையால் தள்ளவே வேண்டாம். முழங்காலை மடக்கிக் கால்களை இரண்டு பக்கமும் வெளியே போட்டு உட்காரும் குழந்தையை மட்டும் அப்படியே விட்டு ஆட்டாதீர்கள். இடுப்பு உள்பக்கம் திருகும். காலை முன்னே நீட்டி, அது முடியாவிட்டால் ஆப்பு வடிவ மெத்தை மேல் உட்காரவையுங்கள்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே பிடித்து நிறுத்துவது

கை மேலே போனால் முதுகு வளையும், குதிகால் எழும்பும், குழந்தை உங்கள் கையில் தொங்கும். நிற்கப் பழகுவதற்குப் பதில் தொங்கப் பழகும். எதிரே மண்டியிட்டு இடுப்பைப் பிடியுங்கள். கொஞ்சம் நிலைத்த பிறகு முன்கையைத் தோள்மட்டத்துக்குக் கீழே தாங்குங்கள். மினி டிராம்போலினோடு வரும் கைப்பிடிக் கம்பியிலும் இதே சிக்கல் வரும். அது குழந்தையின் தொப்புள் உயரத்தைத் தாண்டினால் கழற்றிவிடுங்கள்.

ஸ்பிளின்ட்டைப் பழக்கத்தில் கழற்றுவது

பாதத்தையும் கணுக்காலையும் தாங்கும் இந்தக் கவசத்தைப் படுக்கவைத்தால், உட்காரவைத்தால் கழற்றலாம். நிற்க வைக்கும்போது பாதம் மெத்தென்ற துணியில் உள்பக்கம் சரிகிறதா என்று முதலில் பாருங்கள். சரிந்தால் போட்டே நிற்கட்டும்.

சாப்பிட்டதும் ஏற்றுவது

ஒரு மணி நேரமாவது போகட்டும். குழாய் வழி உணவு என்றாலும் அதேதான்.

100 கிலோ தாங்கும் என்று பார்த்து வாங்குவது

அந்த எண் பெரியவர்களுக்கானது. அத்தனை எடைக்கு இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் 12 கிலோ குழந்தைக்கு அசையவே அசையாது. காலுக்கு அது தரைதான். கடையிலேயே உள்ளங்கையால் துணியை அழுத்திப் பாருங்கள்; ஒரு கையின் பலத்துக்கு நன்றாக இறங்க வேண்டும். ரப்பர் கயிறு கட்டியவை பெரும்பாலும் ஸ்பிரிங்கைவிட இளகலாக இருக்கும்.

இறக்கியதும் தள்ளுவண்டியில் உட்காரவைப்பது

கிடைத்த தளர்வு நீண்ட நேரம் நிற்காது. இங்கிலாந்தில் எடி ஆண்டர்சன் உருவாக்கிய ரீபவுண்ட் தெரபி (டிராம்போலின் வழிச் சிகிச்சை) முறையைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் இடங்களில்கூட இந்த நேரம் வீணாகிறது. குழந்தை இறங்கியவுடன் ஸ்டூலிலிருந்து எழுந்து உட்காருவது ஐந்தாறு முறை, கையை நீட்டிப் பொம்மை எடுப்பது, குதிகால் பதிய நிற்பது, இவற்றில் எது அந்தக் குழந்தையின் அப்போதைய இலக்கோ அதைச் செய்யவையுங்கள். ஸ்டூலையும் பொம்மையையும் ஏற்றுவதற்கு முன்பே பக்கத்தில் எடுத்துவைத்துவிடுங்கள்; தேடிக்கொண்டிருந்தால் கால் மறுபடி இறுகிவிடும்.